குழந்தைக்கு ஏது முன்வினை?

(கூரத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் யாதெனில், குழந்தைகளுக்குத் தலையிலும், முகத்திலும், கழுத்திலும் உண்டாகிற ஒரு வகைப் புற்றுநோயைப் பற்றியும், அதற்குச் செய்துகொள்ள வேண்டிய சிகிச்சையைப் பற்றியுமாகும். "சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை? இது டாக்டர் பேச வேண்டிய விஷயமாயிற்றே" என்று சிலர் நினைக்கலாம். நான் டாக்டர் அல்ல. பள்ளிக்கூடப் படிப்பும் எனக்கு அதிகம் கிடையாது. டாக்டர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தும், அவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதையே சொல்லப் போகிறேன். ஆனால் இந்த நோயில் டாக்டரின் வேலை தொடங்குவதற்கு முன்னால், நம் வேலை ஒன்று இருக்கிறது. குழந்தையை டாக்டரிடம் போக விடாமல் வழியிலே நின்று மறிக்கிற ஜோசியனையும், மந்திரக்காரனையும், தலைவிதியையும் அப்புறப்படுத்துகிற வேலை நம்முடையதுதானே தவிர, டாக்டருடையதல்ல. ஆகவேதான் துணிந்து பேச வந்தேன்.

நான் சொல்லுகிற எதையும், நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் விசாரித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோய் இன்னது

புற்றுநோய் என்றால் நம்மவர்களுக்கு வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிற கிழவனுக்கு வாயில் வருவதும், பெண்களுக்குக் கருப்பையிலும் மார்பிலும் வருவதுந்தான் தெரியும். பச்சைக் குழந்தைக்கும் வரும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் வருகிறது. நம் உடம்பில் எலும்பையும், தோலையும் நீக்கி மீதி இருக்கிற தசை, கொழுப்பு, ரத்தக் குழாய், நரம்பு முதலிய மெத்தென்ற பாகங்களில் உண்டாகிற புற்றுக்கு டாக்டர்கள் சார்கோமா என்று பெயர் சொல்லுகிறார்கள். அதில் குழந்தைகளுக்கு மிகுதியாக வருவது ராப்டோமயோசார்கோமா என்பது. பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். குழந்தை கருவில் வளரும்போது, தசையாக ஆக வேண்டிய அணு ஒன்று தசையாகாமல், கட்டுக்கு அடங்காமல் பெருகிக் கட்டியாகி விடுவதுதான் அது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்கள் எல்லாவற்றையும் சேர்த்து 100 என்று வைத்தால், இது ஏறக்குறைய 3 இருக்கும். ஆகையால் அபூர்வமான நோய்தான். பெரும்பாலும் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே வருகிறது. இவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குக் கண்குழி, மூக்கு, காது, கன்னம், தொண்டை, கழுத்து ஆகிய இடங்களில்தான் உண்டாகிறது.

இதற்கு அடையாளம் என்ன? தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பக்கத்துக் கண் மாத்திரம் சில வாரங்களில் பிதுங்கிக்கொண்டு வருதல். இமை வீங்குதல் அல்லது தாழ்ந்து போதல். ஒரு பக்க மூக்கு அடைத்துக்கொண்டு ரத்தங் கலந்த சளி வருதல். காதுக்குள் சதை வளர்ந்து சீழும் ரத்தமும் வடிதல், காதுக்கு மருந்து விட்டும் நிற்காதிருத்தல். முகம் ஒரு பக்கமாகக் கோணிப் போதல். கன்னத்திலோ, கழுத்திலோ வலியில்லாத கட்டி நாளுக்கு நாள் பெரிதாகுதல். இவற்றில் பெரும்பான்மையும் வேறு சாதாரணக் காரணங்களாலும் வருவதுண்டு. ஆதலால் பார்த்தவுடன் புற்றுநோய் என்று அலற வேண்டியதில்லை. ஆனால் இரண்டு, மூன்று வாரமாகியும் குறையாமல் வளர்ந்துகொண்டே போனால், அதற்கு மேல் ஒரு நாள் தாமதிப்பதும் ஆபத்து. வலி இல்லையே என்று சும்மா இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

வினை என்னும் பொய்

இப்படிப்பட்ட குழந்தையைக் கண்டதும் நம் ஊரில் என்ன சொல்லுகிறார்கள்? "கண் திருஷ்டி" என்கிறான் ஒருவன். "குலதெய்வக் குற்றம்" என்கிறாள் ஒருத்தி. "வயிற்றில் இருக்கும்போது தாய்க்காரி கிரகணம் பார்த்து விட்டாள்" என்று பெற்றவள் தலையிலேயே பழியைப் போடுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே, படித்தவன் என்று பெயர் வாங்கியவன் வந்து, "பூர்வஜென்ம கர்மம், அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்று பெரிய வேதாந்தம் பேசுகிறான்.

தோழர்களே! உங்களை ஒன்று கேட்கிறேன். மூன்று வயதுக் குழந்தை என்ன பாவம் செய்திருக்கும்? போன ஜென்மத்தில் செய்தது என்றால், போன ஜென்மத்தில் செய்தது இன்னதென்று அந்தக் குழந்தைக்காவது தெரியுமா? எதற்காகத் தண்டிக்கிறோம் என்று சொல்லாமல் தண்டிக்கிற நீதிபதியை நம் காஞ்சிபுரம் கோர்ட்டிலே ஒரு நாள் வைத்துக்கொள்வோமா? அப்படிப்பட்ட நீதியைக் கடவுளுடைய நீதி என்று சொல்லுவது, கடவுளை நம்புகிறவர்கள் தங்கள் கடவுளுக்கே செய்கிற அவமரியாதை அல்லவா?

தாய் கிரகணம் பார்த்ததால் வந்ததென்றால், கிரகணத்தன்று உலகத்தில் எத்தனையோ கோடிப் பெண்கள் கர்ப்பிணிகளாய் இருக்கிறார்கள். அவர்களில் தட்டு நிறையச் சாப்பிட்டவர்கள் உண்டு. வயலில் நின்று களை எடுத்தவர்கள் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு கிரகணத்தையே வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இந்நோய் வந்ததா? அப்படியானால் உண்மைக் காரணம் என்ன என்றால், அணு பெருகும்போது அதற்குள் இருக்கிற பரம்பரைக் குறிப்பில் தற்செயலாக உண்டாகிற பிழைதான். சொற்பக் குடும்பங்களில் மாத்திரம் அந்தப் பிழை பரம்பரையாக வருகிறது. மற்றப் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏன் வந்தது என்று டாக்டர்களுக்கே தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவது அறிவு. தெரியாததற்கெல்லாம் கர்மம் என்று பெயர் வைப்பது மூடத்தனம். ஒன்று மாத்திரம் திட்டமாகத் தெரியும்: இது தாயின் குற்றமல்ல, தகப்பன் குற்றமல்ல, குழந்தையின் குற்றமுமல்ல. தொத்துவியாதியுமல்ல. அந்தக் குழந்தை சாப்பிட்ட தட்டில் மற்றக் குழந்தை சாப்பிட்டால் ஒன்றும் வராது.

இன்னொரு வேடிக்கை. "புற்று" என்ற பெயரைக் கேட்டுவிட்டு, பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றினால் கட்டி கரையும் என்று எண்ணுகிறவனும் இருப்பான். மேல்நாட்டான் இந்த நோய்க்கு நண்டு என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறான். அதற்காக அவன் நண்டுக்குப் பால் ஊற்றுகிறானா?

இந்த ஊரும் கண்ணும்

கூரம் என்றால் வைணவர்களுக்கு உடனே கூரத்தாழ்வாரின் ஞாபகம் வரும். சோழ ராஜா முன்னால் நின்று, அவனைப் பார்த்த கண் வேண்டாம் என்று தம் கண்களைத் தாமே பிடுங்கிக்கொண்டார் என்று அவர்கள் சொல்லுகிறார்கள். ஒருவர் தம் கொள்கைக்காகத் தம் கண்ணைக் கொடுத்தார் என்றால் அது அவர் இஷ்டம். ஆனால், தன் இஷ்டம் இன்னதென்று சொல்லத் தெரியாத குழந்தையின் கண்ணைப் பெரியவர்களின் மூடநம்பிக்கைக்குப் பலி கொடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது? இதுதான் நான் கேட்பது.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மன் என்ற பல்லவ ராஜா கொடுத்த செப்பேடு இந்த ஊர்ப் பெயராலேயே கூரம் செப்பேடு என்று வழங்குகிறது. அதில் ஒரு கிராமத்தை 25 பங்காகப் போட்டிருக்கிறான். கோவில் பூசையும் பழுது பார்ப்பதும் செய்கிற இரண்டு பேருக்கு 3 பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைக்க 1 பங்கு. மண்டபத்தில் பாரதம் படிக்க 1 பங்கு. மீதி 20 பங்கும் நான்கு வேதம் படித்த 20 பேருக்கு. கணக்குச் சரியாய்ப் போய்விட்டது. நோயாளிக்கு வைத்தியம் பார்க்கிறவனுக்கு ஒரு பங்கு உண்டா என்று அந்த 25-இல் தேடிப் பாருங்கள்.

"பழைய காலத்தில் ஆஸ்பத்திரியே இல்லையா?" என்று கேட்டால், இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஜில்லாவிலேயே திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டில், 15 படுக்கையுள்ள ஆதுலசாலை ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. வைத்தியன், அறுத்துச் சிகிச்சை செய்பவன், மூலிகை கொண்டு வருபவர்கள், பணிப்பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் யாருக்காக? அங்கே வேதம் முதலியவை படித்த மாணாக்கருக்கும், கோவில் ஊழியருக்கும். ஏர் உழுதவன் பிள்ளைக்குப் படுக்கை ஒதுக்கியதாக அதில் இல்லை.

அதையும் 1954-இல் அடையாற்றில் தொடங்கிய ஆஸ்பத்திரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடியவர் என்பது நம் இயக்கத்தார்க்கெல்லாம் தெரியும். அவருடைய தங்கை புற்றுநோயால் 1923-இல் மாண்டார். அம்மையார் அதை விதியென்று விட்டுவிடவில்லை; பெண்கள் சங்கத்தைக் கொண்டே பணந் திரட்டி, 12 படுக்கையோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். அங்கே சாதி கேட்கவில்லை; வேதம் படித்தாயா என்று கேட்கவில்லை. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் சேர்ந்து 2021-இல் இறக்கும் வரையில் அதையே வாழ்க்கையாகக் கொண்ட டாக்டர் சாந்தா அம்மையாரும் அதை வளர்த்தார்கள். 1960-இல் அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் ஏற்பட்டது. கோவில் கட்டவில்லை என்பதற்காக இவர்களுடைய கைங்கரியம் எதிலே குறைந்து போயிற்று?

மருந்து எங்கிருந்து வந்தது?

இந்நோய்க்குக் கொடுக்கிற மருந்துகளில் முக்கியமானவை மூன்று. மூன்றும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், மனித அறிவின் யோக்கியதை விளங்கும்.

முதலாவது வின்கிறிஸ்டின். இது நித்தியகல்யாணிச் செடியில் இருந்து எடுப்பது. நீங்கள் சுடுகாட்டு மல்லி என்று சொல்லுகிறீர்களே, அதே செடிதான். அந்தச் செடி நீரிழிவுக்கு மருந்து என்று பல நாட்டு ஜனங்கள் நம்பி வந்தார்கள். கனடாவில் சிலர் அது மெய்யா என்று பரீட்சை செய்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. "நாம் தேடியது கிடைக்கவில்லை" என்று தூக்கி எறியாமல், "ஏன் குறைந்தது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து 1958-இல் ஒரு மருந்தும், அதன் பின்னால் அமெரிக்காவில் வின்கிறிஸ்டினும் கிடைத்தன. 1963 முதல் அது வழக்கத்தில் இருக்கிறது. அதற்காக வேலியோரத்துச் செடியைப் பிடுங்கிக் கஷாயம் வைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது விஷச்செடி. ஏராளமான இலையிலிருந்து அணுவளவே கிடைக்கிற மருந்தை, நிறுத்து, அளந்து, ரத்தக் குழாயில் ஏற்றுவதே சிகிச்சை.

இரண்டாவது டாக்டினோமைசின். அது காலடி மண்ணில் வாழ்கிற ஒரு கிருமியிலிருந்து 1940-இல் வாக்ஸ்மன் என்பவரும் அவருடைய துணைவரும் கண்டெடுத்தது.

மூன்றாவது சைக்ளோபாஸ்பமைடு. முதல் உலக யுத்தத்தில் மனிதனை மனிதன் கொல்ல விஷப்புகை விட்டான். அந்தப் புகை பட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து போனதைக் கண்டு, அப்படியானால் கட்டுக்கடங்காமல் பெருகுகிற அணுவையும் இது அடக்குமா என்று யோசித்தார்கள். 1942-இல் அவ்வகை மருந்து ஒன்றை அமெரிக்காவில் நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1958-இல் ஜெர்மனியில் சைக்ளோபாஸ்பமைடு உண்டாயிற்று.

சுடுகாட்டுப் பூவும், மண்ணுக் கிருமியும், யுத்த விஷமும் குழந்தையின் உயிர் காக்கும் மருந்தாயின. இதை எந்த ரிஷி ஞானதிருஷ்டியில் கண்டு சொன்னார்? எந்த அசரீரி சொல்லிற்று? பரீட்சை செய்து, தோற்று, மறுபடியும் பரீட்சை செய்ததால் வந்தது.

கணக்கு வைக்கிறவன் யார்?

மருந்து கிடைத்தது மாத்திரம் போதுமா? எந்த மருந்தை, எவ்வளவு, எத்தனை வாரம் என்று தெரிய வேண்டுமே! நோயோ அபூர்வம். ஒரே ஆஸ்பத்திரிக்கு வருஷத்தில் இரண்டு குழந்தை வந்தால், அதைக் கொண்டு என்ன முடிவு செய்ய முடியும்? ஆகவே 1972-இல் அமெரிக்க டாக்டர்கள் பல ஆஸ்பத்திரிகளையும் ஒன்று சேர்த்து, எல்லாக் குழந்தைகளின் கணக்கையும் ஒரே இடத்தில் எழுதத் தொடங்கினார்கள். என் ஆஸ்பத்திரி பெரிது, உன் ஆஸ்பத்திரி சிறிது என்ற கௌரவத்தை விட்டார்கள்.

பலன் என்ன? மருந்துச் சிகிச்சை வருவதற்கு முன் அறுவையையே நம்பியிருந்த காலத்தில், நான்கு குழந்தைகளில் ஒன்று பிழைப்பதே அதிகம். முதல் பரீட்சையில் ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 55. அதற்கடுத்ததில் 63. மூன்றாவதில் 71. நான்காவது பரீட்சையிலும் அதே 71-தான், மேலே ஏறவில்லை. ஏறவில்லை என்பதையும் அவர்களே எழுதி வைத்தார்கள். கண்குழியில் மாத்திரம் வந்து, வேறெங்கும் பரவாத குழந்தைகளிலோ 100-க்கு 90-க்கு மேல் பிழைக்கிறார்கள். முன்பெல்லாம் அப்படி வந்தால் கண்ணையும் கண்குழியில் உள்ள சதையையும் தோண்டி எடுத்துவிடுவார்கள். இன்று மருந்தாலும் கதிராலுமே குணப்படுத்தி, பெரும்பாலானவர்களுக்குக் கண்ணையே காப்பாற்றி விடுகிறார்கள்.

இப்போது யோசியுங்கள். கோவிலிலும் கணக்கு உண்டு. உண்டியலில் என்ன விழுந்தது என்பதற்குக் கணக்கு உண்டு. நகைக்குக் கணக்கு உண்டு. தேர் வடத்துக்குக் கணக்கு உண்டு. எத்தனை பேர் குழந்தைக்காக நேர்ந்துகொண்டார்கள், அதில் எத்தனை பிழைத்தன, எத்தனை செத்தன என்ற கணக்கு எந்தக் கோவிலிலாவது இருக்கிறதா? பிழைத்தால் சாமி செயல். செத்தால் டாக்டர் செய்த கொலை, அல்லது தலைவிதி. லாபமெல்லாம் ஒருவனுக்கு, நஷ்டமெல்லாம் இன்னொருவனுக்கு என்ற இந்தக் கூட்டு வியாபாரம் நியாயமா?

சிகிச்சை நடக்கும் விதம்

முதலில் ஸ்கான் எடுத்துக் கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். இதற்குப் பயாப்ஸி என்று பெயர். இங்கேதான் நம்மவர்கள் "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். கத்தி படாத காரணத்தால் நின்று போன புற்று ஒன்றும் இல்லை. துண்டு எடுத்துப் பார்க்காமல் எந்த மருந்து என்று தீர்மானிக்கவே முடியாது. நுரையீரல், எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, சில இடங்களில் வந்த கட்டிக்கு முதுகுத்தண்டு நீர் ஆகியவற்றையும் சோதிப்பார்கள்.

பிறகு மருந்து. வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் போகும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரையிலும் ஆகலாம். நடுவில் ஐந்து, ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சை. முகத்தில் கண்ணும், மூளைக்குப் போகும் நரம்பும், ரத்தக் குழாயும் நெருங்கியிருப்பதால், வயிற்றில் கையில் அறுப்பதுபோல் தாராளமாக அறுக்க முடியாது. அதனாலேயே தலையிலும் கழுத்திலும் வரும் இந்நோய்க்கு மருந்தும் கதிரும் முக்கியமாகின்றன. மூளையின் அடிப்பக்கத்தை ஒட்டிய காது, மூக்கின் உட்பக்கம் முதலிய இடங்களில் வந்தால் ஆபத்து அதிகம். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு வந்தால் பிழைப்பவர்கள் குறைவு. இதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். ஏனென்றால் பொய்யான ஆறுதல் சொல்லுவது பூசாரியின் வேலையே தவிர நம் வேலையல்ல. நாம் சொல்லுகிற ஆறுதல் ஒன்றே: சீக்கிரம் வந்தால், முழுவதும் செய்துகொண்டால், பிழைப்பவர்களே அதிகம்.

மருந்து ஏறும்போது முடி கொட்டும், வாந்தி வரும், வாய் புண்ணாகும். முடி திரும்ப முளைக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வெள்ளை அணு குறைந்திருக்கும் நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புற்றால் சாகாத குழந்தையைக் காய்ச்சல் கொன்றுவிடும்.

இன்னொரு பெரிய தவறு, பாதியில் நிறுத்துவது. இரண்டு தடவை மருந்து ஏறியதும் கட்டி சுருங்கிவிடும். கண் உள்ளே போய்விடும். "சாமி புண்ணியத்தில் சரியாய்ப் போய்விட்டது" என்று ஊருக்கு வந்து பொங்கல் வைத்துவிட்டு உட்கார்ந்து விடுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற கட்டி போனதே தவிர, கண்ணுக்குத் தெரியாத அணு உள்ளேயே இருக்கும். அது மறுபடியும் எழும்பும்போது முதல் தடவையைப் போல் மருந்துக்கு அடங்காது. நம் தேசத்தில் குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சை தோற்பதற்குத் தாமதமாக வருவதும், பாதியில் நிறுத்துவதும் பெரிய காரணங்கள். நேர்த்திக்கடன் வைத்திருந்தால் அதை டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகு செலுத்துங்கள். சாமி எங்கும் ஓடிவிடாது. குழந்தைதான் ஓடிவிடும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

"ஏழைக்கு இதெல்லாம் ஆகிற காரியமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் காஞ்சிபுரத்தில் பிறந்த தோழர் அண்ணாதுரை, முதல் மந்திரியாய் இருந்தபோதே உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டு, 1968-இல் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி மறைந்தார். பெரிய பதவியும் அந்நோய்க்குத் தடையாகவில்லை. அவர் பெயராலேயே காரப்பேட்டையில் அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. நியூயார்க்குக்குக் கப்பலேறவோ, விமானமேறவோ வேண்டியதில்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் போதும். அங்கே பார்த்து, வேண்டுமானால் எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ, அடையாற்றுக்கோ அனுப்புவார்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் ஏழைக் குடும்பத்துக்கு வருஷத்தில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. அட்டை எடுக்காதவர்கள் நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள். இது யாரும் போடுகிற பிச்சையல்ல; நீங்கள் கொடுக்கிற வரிப்பணம்.

ஆனால் மருந்து இனாம் என்றாலும் மற்றது இனாமா? கூலிக்காரத் தகப்பன் மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் இருந்தால் அடுப்பு எரியுமா? தாய் ஆஸ்பத்திரியில் இருந்தால் வீட்டிலிருக்கிற மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது? பாதியில் நிறுத்துகிறவர்களில் பலர் அறிவில்லாமல் நிறுத்துவதில்லை. பஸ் சார்ஜ் இல்லாமல் நிறுத்துகிறார்கள். ஆகவே இது ஊராரின் கடமை. ஆடி மாதம் கூழுக்கும், திருவிழாவுக்கு வாணவேடிக்கைக்கும் வீட்டுக்கு வீடு வசூல் செய்யத் தெரிந்த நமக்கு, ஒரு குழந்தையின் பயணச் செலவுக்கு வசூல் செய்யத் தெரியாதா? நம் சங்கத்துத் தோழர்கள் கூடப் போய்ச் சீட்டு வாங்கிக் கொடுக்கலாம். குறித்த தேதி தப்பாமல் ஞாபகப்படுத்தலாம். இதைவிடப் பெரிய பிரசாரம் வேறு இல்லை.

ரத்தமும் கொடுக்கலாம். மருந்தால் குழந்தைக்கு ரத்தம் குறையும்போது ஊரார் கொடுத்த ரத்தந்தான் காப்பாற்றும். சாஸ்திரம் முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று நாலு வருணம் சொல்லிற்று. 1901-இல் லாண்ட்ஸ்டைனர் என்பவர் ரத்தத்தில் பிரிவுகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஏ, பி, ஏபி, ஓ என்று அதுவும் நாலுதான். ஆனால் ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் அதில் வெவ்வேறு பிரிவாய் இருப்பார்கள். அக்கிரகாரத்துப் பிள்ளைக்குச் சேரியில் இருப்பவன் ரத்தம் பொருந்தும். சொந்தத் தகப்பன் ரத்தம் பொருந்தாமலும் போகும். சாகக் கிடக்கும்போது பாட்டிலைத் திருப்பி, இது எந்தச் சாதி ரத்தம் என்று யாரும் கேட்பதில்லையே! பிழைத்து எழுந்த பிறகு மாத்திரம் ஏன் கேட்க வேண்டும்?

பெண் குழந்தை

கடைசியாக, என் மனதை மிகவும் உறுத்துகிற ஒரு விஷயம். இந்தியாவில் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்கு வரும் குழந்தைகளின் கணக்கைப் பார்த்தால், பெண் குழந்தைகளின் எண்ணிக்கை இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கிறது. நோய் பெண்ணைக் கண்டு பயந்து விலகிப் போகவில்லை. பெற்றவர்கள்தாம் கூட்டிக்கொண்டு வரவில்லை. "பையன் என்றால் நிலத்தை விற்றாவது பார்க்கலாம், பெண்தானே" என்ற எண்ணம். ஒரு பெண் குழந்தை வீட்டுத் திண்ணையிலேயே பேச்சு மூச்சில்லாமல் செத்துப் போகும். அது எந்தக் கணக்கிலும் ஏறாது. அதைக் கொன்றது புற்றா, நாமா?

பிழைத்து வருகிற பெண்ணுக்கும் துன்பம் உண்டு. வளருகிற வயதில் முகத்தில் கதிர் பட்டால், அந்தப் பக்கத்து எலும்பு மற்றப் பக்கத்தைப் போல் வளராமல் முகம் சற்றுச் சரிந்து போகலாம். கண்ணில் புரை விழலாம். அதை அறுவையால் சரிசெய்ய முடியும். பல்லும், உயரமும் பாதிக்கப்படலாம். ஆதலால் குணமான பிறகும் வருஷா வருஷம் காட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றையும் விட அதிகமாய்ப் புண்படுத்துவது நம் வாய்தான். "மூளி" என்பதும், சகுனத் தடை என்பதும், கல்யாண வீட்டில் முன்னால் வரக்கூடாது என்பதும், "இவளை எவன் கட்டுவான்?" என்று அவள் காதுபடவே சொல்லுவதும் இருக்கிறதே, அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை. அதற்கு மருந்து சுயமரியாதை ஒன்றுதான்.

சாவை எதிர்த்து ஒரு வருஷம் ஊசி குத்திக்கொண்டு ஜெயித்து வந்த பெண்ணைக் காட்டிலும் நல்ல சகுனம் ஏது? அவளைப் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சியில் உட்கார வையுங்கள். படிக்க வையுங்கள். ஜாதகம் பார்க்காமல், முகம் பார்க்காமல், மனம் பார்த்துக் கட்டிக்கொள்ளும்படி நம் வாலிபர்களைப் பழக்குங்கள்.

தாய்மார்களே! தோழர்களே! குழந்தை சாகக் கிடக்கும்போது ஒரு தாய் சாமி முன் அழுதால், அவளைப் பார்த்துச் சிரிக்கிறவன் பகுத்தறிவுவாதியல்ல, மனிதனேயல்ல. அவள் அழட்டும். ஆனால் பக்கத்தில் இருக்கிற நாம், அவள் கையைப் பிடித்துக் காரப்பேட்டைக்குப் பஸ் ஏற்ற வேண்டும். கண்ணில் வீக்கம் கண்ட குழந்தை உங்கள் தெருவில் இருந்தால், அது எந்தத் தெருவாக இருந்தாலும் சரி, இன்றைக்கே போய்ப் பாருங்கள்.